ஊர்ப் புத்தகமும் விடுபட்ட ஏழு பெயர்களும்



 

ஊர்ப் புத்தகம் எப்போது வரும் என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "பிரிண்டுக்குக் குடுத்தாச்சு, அல்ஹம்துலில்லாஹ்" என்று வட்ஸ்அப் குழுவில் நாங்களேதான் போட்டோம். பிறகு மூன்று கிழமை சத்தம் இல்லாமல் இருந்தோம். ஏன் என்று சொல்ல வேண்டியது எங்கள் கடமை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள். பாடசாலை மலர், பள்ளிவாசல் மலர், விளையாட்டுக் கழக மலர் என்று எதையாவது அச்சடிக்க நினைத்திருக்கிறவர்களுக்கும் இது உதவும்.

"நாங்கள்" என்றால் மூன்று பேர். மூவரும் ஆசிரியர்கள். ஒருவருக்கு கணினி தெரியும், ஒருவருக்குத் தமிழ் தெரியும், ஒருவருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். கீழே எழுதப்போகும் பிழையை யார் செய்தது என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை. மூவரும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நாங்கள்தான் செய்தோம்.

புத்தகம் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவில் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், தண்ணீரூற்று என்று நாங்கள் வாழ்ந்த இடங்கள் எல்லாம் வெறுமையாயின. கையில் எடுத்த சாமானில் காணி உறுதி கொண்டுபோனவர்கள் சிலர், அதுகூட இல்லாமல் போனவர்கள் பலர். பாடசாலைச் சேர்வு இடாப்பு, பள்ளிவாசல் கணக்குக் கொப்பி, கலியாணப் பதிவு என்று ஊருக்குப் பொதுவான எழுத்து எதுவும் எங்களிடம் மிஞ்சவில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தோம். வந்தவர்கள் கொஞ்சம், வராதவர்கள் கூட. அகதி முகாமிலேயே மௌத்தானவர்களும் இருக்கிறார்கள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் புத்தளத்தில் இருந்த காலத்தில் ஒரு வேலை செய்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, மனதால் ஊரைச் சுற்றி நடந்திருக்கிறார். பள்ளிவாசல் படியில் இறங்கி கிழக்கே திரும்பினால் முதல் வீடு யாருடையது, அடுத்தது யாருடையது, கிணற்றைத் தாண்டினால் யார் என்று ஒவ்வொரு குடும்பத் தலைவர் பெயராக எழுதி வைத்திருக்கிறார். ஐந்து கொப்பி. மொத்தம் 286 பெயர். அவர் இப்போது நம்முடன் இல்லை. அல்லாஹ் அவருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. அந்தக் கொப்பிகளை அவருடைய மகள் எங்கள் கையில் தந்தார். அந்தப் பட்டியல்தான் புத்தகத்தின் உயிர். மற்றக் கட்டுரைகள், போட்டோக்கள், வாழ்த்துச் செய்திகள் எல்லாம் அதைச் சுற்றி வந்தவை.

இனி வேலைக்கு வருவோம்.

கொப்பியை மூன்று பேர் பிரித்துக்கொண்டு தட்டச்சு செய்தோம். ஓய்வு பெற்ற அதிபர் ஒருவரும் உதவினார். அவருக்குப் பழக்கம் பாமினி எழுத்துரு. எங்களுக்கு யுனிகோட். பாமினியில் பல வருடம் வேலை செய்தவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறோம். பாமினியில் நாம் பார்ப்பது தமிழ். கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்து. "தமிழ்" என்று அடித்தால் கணினியைப் பொறுத்தவரை அது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த ஐந்தின் மேல் பாமினி என்ற சட்டையைப் போட்டால் தமிழாகத் தெரியும். சட்டையைக் கழற்றினால் கோழி கிண்டியதுபோல் ஆங்கிலம் நிற்கும். யுனிகோட் அப்படி இல்லை. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கென்று தனி இடம் கொடுத்துவிட்டார்கள். அதில் மகரம் மகரம்தான், எந்த எழுத்துருவுக்குப் போனாலும்.

இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன, ஒட்டினால் மாற்றித் தரும். ஒட்டினோம். ஒரு நிமிடத்தில் அதிபரின் இரண்டு கொப்பி யுனிகோட் ஆகிவிட்டது. ஆச்சரியப்பட்டுப் போனோம். பிறகு பார்த்தால் பல பெயர்களுக்கு முன்னால் "ஆ.ஆ." என்று நிற்கிறது. என்னவென்றால், அதிபர் முதலெழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் "எம்.எம்." என்று அடித்திருக்கிறார். பாமினியில் ஆங்கிலப் பெரிய எம் இருக்கும் விசையில் ஆகாரம் இருக்கிறது. மாற்றிக்கு இது ஆங்கிலம், இது தமிழ் என்று பிரிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே சட்டப்படி மாற்றிவிட்டது. சிரித்துவிட்டுத் திருத்தினோம். அப்போதே எங்களுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பட்டியலை எக்செலில் போட்டோம். அடுத்துச் செய்த மூன்று வேலைகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நல்ல வேலை.

முதலாவது, பட்டப்பெயர். பெரியவர் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஊர் வழக்கில் அழைத்த பெயரை எழுதியிருந்தார். கடைக்காரர், வண்டில்காரர், கிணற்றடி, நெட்டையர் என்று. சிலது கேலிப் பெயர். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வாசிக்கும் புத்தகத்தில் இது மரியாதை இல்லை என்று நினைத்தோம். அடைப்புக்குறிக்குள் இருப்பதை எல்லாம் ஒரே கட்டளையில் அழித்தோம்.

இரண்டாவது, எழுத்து. நம் ஆட்கள் ஒரே பெயரை றஹீம் என்றும் எழுதுவார்கள், ரஹீம் என்றும் எழுதுவார்கள். றோட்டு, றேடியோ, றப்பர் என்று எழுதும் நாட்டுக்காரர் அல்லவா. ஆனால் இலக்கணப்படி றகரம் சொல்லுக்கு முதலில் வராது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாங்களே படிப்பிக்கிற பாடம். ஆசிரியர்கள் வெளியிடும் புத்தகத்தில் பிழை இருக்கலாமா? பெயரின் முதலில் வரும் றகரம் எல்லாவற்றையும் ரகரமாக்கினோம். அதுவும் ஒரே கட்டளை.

மூன்றாவது, இரட்டைப் பதிவு. மூன்று நான்கு பேர் பிரித்து அடித்ததால் சில பெயர் இரண்டு தரம் வந்திருக்கும் என்று சந்தேகம். அகர வரிசைப்படுத்தினோம். எக்செலில் இரட்டைப் பதிவுகளை நீக்கும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினோம். சில வரிகள் போயின. "பார்த்தீங்களா, இரண்டு தரம் அடிச்சிருக்கிறோம்" என்று பேசிக்கொண்டோம்.

இதை வாசிக்கும்போதே சிலருக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை.

புத்தகத்தை வடிவமைத்து பீடிஎப் ஆக்கி வவுனியாவுக்குக் கொண்டுபோனோம். 150 பிரதிதான் தேவை என்பதால் டிஜிட்டல் அச்சு. ஒப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தகடு செய்ய வேண்டும், ஆயிரக் கணக்கில் அடித்தால்தான் கட்டுபடியாகும். டிஜிட்டலில் தகடு இல்லை. பைலில் இருந்து நேரே தாளுக்கு வரும். ஒரு பிரதி வேண்டுமென்றாலும் அடிக்கலாம்.

அச்சகத்தில் கணினி வேலை செய்யும் தம்பி புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பிள்ளை. எங்கள் பைலைத் திறந்தவுடன் சொன்னார்.

"சேர், அடிக்க முதல் ஒருக்கா ப்ரிஃப்ளைட் பாக்கோணும்."

பிளேன் எழும்ப முன்னர் பைலட் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாரே, அந்தச் சொல்தான் அச்சுக்கும் வந்திருக்கிறது. அக்ரோபாட்டில் அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. பைலை முழுக்கத் துருவிப் பார்த்து, எது அச்சில் பிழைக்கும் என்று பட்டியல் போடும். 1993இல் அடோபி நிறுவனம் பீடிஎப்பைக் கொண்டுவந்தது எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காக. திரையில் தெரிவது வேறு, தாளில் மையாக விழுவது வேறு என்பதால் 2001இல் இருந்து அச்சுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 15930 என்று தனித் தரம் வந்தது. ப்ரிஃப்ளைட் பார்ப்பது பைல் அந்த மாதிரித் தரங்களுக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான்.

எங்கள் பைலுக்கு நூற்றுக்கு மேல் சிவப்புக் குறி விழுந்தது. விடைத்தாள் வாங்கிய பிள்ளைகள் மாதிரி நின்றோம். தம்பி ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்களும் குறித்துக்கொண்டோம், உங்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

போட்டோக்கள் எல்லாம் திரைக்குரிய நிறத்தில் இருந்தன. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளியால் நிறம் காட்டும். அச்சு மெஷினில் இருப்பது நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை. மாற்றித்தான் அடிக்க வேண்டும். மாற்றும்போது திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை கொஞ்சம் மங்கும். பள்ளிவாசல் குப்பாவின் பச்சை போட்டோவில் பார்த்ததுபோல் வரவில்லையே என்று யாரும் குறை சொல்ல வேண்டாம்.

எழுத்தின் கறுப்பும் அப்படித்தான். வெறும் கறுப்பு மையால் வர வேண்டிய எழுத்து, நிறம் மாறும்போது நாலு மையும் சேர்ந்த கறுப்பாகிவிடலாம். மைகள் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை தள்ளி விழுந்தாலும் ணகரத்தின் சுழியும் ஞகரத்தின் வளைவும் அடைபட்டுவிடும். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் என்று ஒரு திருத்தம் இருக்கிறது. அது தானாகவே செய்துவிடும்.

அட்டையின் நிறம் தாள் ஓரத்தோடு நின்றிருந்தது. வெட்டும்போது கத்தி கொஞ்சம் விலகினால் வெள்ளைக் கோடு தெரியும். அதனால் நிறம் நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெளியே போயிருக்க வேண்டும். அதையும் மெஷின் தானாகச் செய்யும். ஓரத்தில் இருப்பதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வெளியே நீட்டிவிடும்.

பட்டியலின் கட்டங்களுக்குப் போட்ட கோடு மிக மெல்லியது. திரையில் தெரியும், தாளில் சில இடங்களில் விட்டுப்போகும். அதைத் தடிப்பாக்கும் திருத்தம் இருக்கிறது. அட்டையில் வெள்ளை எழுத்து, பின்னணியின் மேல் அடிக்கும்படி அமைந்திருந்தது. வெள்ளை மை என்று ஒன்று அந்த மெஷினில் இல்லை. அதனால் எழுத்தே காணாமல் போயிருக்கும். அதற்கும் ஒரு திருத்தம்.

எழுத்துரு இரண்டு பைலுக்குள் சேராமல் இருந்தது. ஒன்று பாமினி. அதிபரின் கட்டுரையை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தோம். பாமினி இல்லாத கணினியில் திறந்திருந்தால் அது முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாக வந்திருக்கும். மெஷின் அதைப் பிழை என்றும் சொல்லியிருக்காது. ஆங்கில எழுத்து ஆங்கில எழுத்தாகத்தானே நிற்கிறது என்று விட்டிருக்கும். தம்பி தன்னிடம் இருந்த பாமினியைச் சேர்த்து, எங்கள் மூலப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரே பெயரில் வேறு பதிப்பு இருந்தால் சில எழுத்து மாறும் என்றார்.

ஒன்றை மட்டும் மெஷினால் திருத்த முடியவில்லை. போட்டோ தெளிவு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 900 புள்ளி அகலமுள்ள போட்டோவை 3 அங்குலத்தில் போட்டால் நன்றாக வரும். அதையே 6 அங்குலமாக இழுத்தால் 150 புள்ளிதான், முகம் மங்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோ சுருங்கித்தான் வரும். டொக்கியூமென்டாக அனுப்பினால் அப்படியே வரும். மெஷின் புள்ளியைக் கூட்டலாம், இல்லாத முகத்தைக் கொண்டுவர முடியாது. 23 போட்டோக்களுக்கு மூலத்தைத் தேடச் சொன்னார். எங்களிடம் இருப்பதே இதுதான், அந்தக் காலத்துப் போட்டோ யாரிடமும் இல்லை என்றோம்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"எங்கட வீட்டு அல்பமும் 2009இல மாத்தளனோட போயிட்டுது சேர். அம்மாட கலியாணப் போட்டோகூட இல்லை. இருக்கிறதைச் சின்னதாப் போடுவம். சின்னதாப் போட்டா முகம் தெரியும்."

போட்டோக்களைச் சின்னதாக்கினார். மற்றத் திருத்தங்களை ஒரே வரிசையாக ஓடவிட்டார். சிவப்பு எல்லாம் மறைந்து பச்சைக் குறி விழுந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சந்தோஷப்பட்டோம். "குடுத்தாச்சு" என்று குழுவில் போட்டது அந்த நேரத்தில்தான்.

தம்பி ஒரு வார்த்தை சொன்னார். "சேர், பச்சை எண்டா அடிக்கலாம் எண்டுதான் அர்த்தம். எழுதினது சரியோ எண்டு மெஷினுக்குத் தெரியாது. ஒரு கொப்பி அடிச்சுத் தாறன். வீட்ட கொண்டுபோய் ஆறுதலா வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. பிறகு மிச்சம் அடிப்பம்."

சரி என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வாசிக்க வேண்டும் என்று எண்ணம் இல்லை. காட்ட வேண்டும் என்ற எண்ணம்தான்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊரில் சில வீடுகளுக்குக் கொண்டுபோனோம். எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள், மணந்து பார்த்தார்கள். வாப்பாவின் பெயரை விரலால் தடவியவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போனோம். வயது எண்பதுக்கு மேல். கண் சரியாகத் தெரியாது. அவருடைய கணவர் புத்தளத்தில் முகாமில் இருந்த நாட்களில் மௌத்தானவர். ஊருக்குத் திரும்பிப் போகலாமா என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும்.

பேரன் பட்டியலை எடுத்து விரல் வைத்துத் தேடினான். ரகரம் முழுக்கப் பார்த்தான். "உம்மம்மா, அப்பாட பேர் இந்தா இருக்கு" என்று சொல்லி முதலெழுத்தோடு வாசித்தான்.

பெரியம்மா தலையை ஆட்டினார். "அது அவரில்ல மகன். அது கடைக்காரர். ரெண்டு பேருக்கும் ஒரே பேர், ஒரே எழுத்து. இவர் கிணத்தடி."

பேரன் திரும்பத் தேடினான். இரண்டாவது பெயர் இல்லை. அகர வரிசை, ஒளித்திருக்க இடமில்லை.

பெரியம்மா கோபப்படவில்லை. எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப புத்தகத்திலயும் அவர் ஊருக்கு வரல்லையா?"

பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தேத்தண்ணி தந்தார். குடித்தோம். அந்தத் தேத்தண்ணி தொண்டையால் இறங்கியது எப்படி என்று எங்களுக்குத்தான் தெரியும்.

இரவு மூவரும் கொப்பிகளை விரித்துக்கொண்டு இருந்தோம். கொப்பியில் எண்ணினோம், 286. புத்தகத்தில் எண்ணினோம், 279. ஏழு பேர்.

அதுவரை ஒரு தரம்கூட எண்ணவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால் ஒவ்வொரு இடத்திலும் பஸ் எடுக்க முன்னர் தலை எண்ணுகிறவர்கள் நாங்கள். ஒன்று குறைந்தாலும் பஸ் நகராது. இங்கே ஏழு பேரை விட்டுவிட்டு பஸ் எடுத்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். ஒருவர் றகரத்தில் எழுதியவர், மற்றவர் ரகரத்தில் எழுதியவர். பெரியவர் கொப்பியில் அவரவர் எழுதியபடியே எழுதி வைத்திருந்தார். நாங்கள் இலக்கணம் பார்த்தபோது இரண்டும் ஒரே எழுத்தாயின. பட்டப்பெயர்தான் இருவரையும் பிரித்துக் காட்டியது. மரியாதை பார்த்து அதை அழித்தோம். தெரு வரிசையில் இருந்திருந்தால் ஒருவர் கிழக்கிலும் மற்றவர் கிணற்றடியிலும் இருந்திருப்பார்கள். அகர வரிசையாக்கியபோது இருவரும் பக்கத்தில் வந்து நின்றார்கள். பிறகு இரட்டைப் பதிவு நீக்கம். மெஷின் நாங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வரியில் ஒன்றை எடுத்துவிட்டது. ஏழு இடத்திலும் இதே கதைதான், நாலு இடத்தில் றகரம், மூன்று இடத்தில் பட்டப்பெயர் மட்டும்.

அச்சகத்தின் ப்ரிஃப்ளைட் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியாது. நிறம் சரி, எழுத்துரு சரி, ஓரம் சரி. இல்லாத பெயரை எந்த மெஷின் தேடும்? அதற்கு அந்தப் பெயர் இருந்தது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஒருவர் கண் தெரியாத பெரியம்மா.

இதை யோசிக்கும்போது பழைய அச்சுக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். 1882இல் சித்திலெப்பை "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கிய காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஈயத்தில். அச்சுக் கோப்பவர் பெட்டியில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். அவரும் பிழை விடுவார். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பிழைதான் விட முடியும். நாங்கள் ஒரு விசையில் பட்டியல் முழுக்கப் பிழை விட்டோம். அதுவும் திருத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு.

தானியங்கித் திருத்தம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அந்தத் தம்பி செய்ததைக் கையால் செய்ய எங்களுக்கு ஒரு மாதம் போயிருக்கும், அப்போதும் சரியாக வந்திருக்காது. நிறம், ஓரம், கோடு, எழுத்துரு என்பவற்றுக்கு சரி எது என்று உலகத்துக்கே பொதுவான கணக்கு இருக்கிறது. அவற்றை மெஷினிடம் விடலாம். ஒரு மனிதருடைய பெயருக்கு சரி எது என்று அவரும் அவர் வீட்டாரும்தான் சொல்ல முடியும். றகரத்தில் எழுதுவது இலக்கணப்படி பிழையாக இருக்கலாம். அது அவர் கையெழுத்து. அவர் அடையாள அட்டையில், காணி உறுதியில், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இருந்த எழுத்து. ஓர் எழுத்து மாறினால் பிரதேச செயலகத்தில் எத்தனை தரம் அலைய வேண்டும் என்று நம் ஊரில் தெரியாதவர் யார்? அந்த அலைச்சலைப் பிள்ளைகளுக்காகக் கூடவே போய்ப் பார்த்த நாங்களே இதைச் செய்துவிட்டோம் என்பதுதான் எங்களுக்கு வலி.

அடுத்த நாளே தம்பிக்கு போன் எடுத்தோம். மிச்சம் அடிக்க வேண்டாம் என்றோம்.

"நல்ல வேளை சேர், ஒரு கொப்பியோட நிப்பாட்டினது. ஆறுதலாத் திருத்திக்கொண்டு வாங்கோ" என்றார். ஒப்செட் என்றால் தகடு செய்து, ஆயிரம் தாள் ஓடி முடிந்திருக்கும்.

இந்த மூன்று கிழமையும் பட்டியலைத் திரும்பச் செய்தோம். அகர வரிசையை விட்டுவிட்டோம். பெரியவர் நடந்த வழியிலேயே, பள்ளிவாசல் படியில் இருந்து தெருத் தெருவாகப் போகிறது பட்டியல். றகரம் எழுதியவர்களுக்கு றகரம். பட்டப்பெயரைக் குடும்பத்தாரிடம் கேட்டுப் போட்டிருக்கிறோம். கேலிப் பெயர் என்று நாங்கள் நினைத்த பலவற்றை, "அதப் போடாட்டி யாருக்கு விளங்கும் எங்கட வாப்பாவ?" என்று பிள்ளைகளே போடச் சொன்னார்கள். இரண்டு வீட்டார் வேண்டாம் என்றார்கள். அங்கே தெருப் பெயரை மட்டும் போட்டோம்.

பிறகு மூன்று மாலை பள்ளிவாசல் விறாந்தையில் இருந்து பட்டியலைச் சத்தமாக வாசித்தோம். ஒருவர் வாசிக்க, ஒருவர் கொப்பியைப் பார்க்க, ஒருவர் எண்ண. பெண்களுக்காக ஒரு வீட்டிலும் வாசித்தோம். வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது, கொப்பியிலும் விடுபட்ட வீடுகள் இருக்கின்றன. 286 இப்போது 290. அந்த நாலில் ஒன்று, கொப்பியை எழுதிய பெரியவருடைய சொந்த வீடு. ஊர் முழுக்க நடந்தவர் தன் வீட்டு வாசலை எழுத மறந்திருக்கிறார்.

290 என்பது முடிவு என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. அதனால் கடைசியில் நாலு பக்கத்தை வெறுமையாக, கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறோம். பக்கக் கணக்கில் எப்படியும் இரண்டு பக்கம் மிஞ்சியது. இன்னும் இரண்டைச் சேர்த்தோம். உங்கள் வீட்டில் யாருக்காவது ஞாபகம் வந்தால் அங்கே கையால் எழுதுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் சேர்ப்போம்.

மலர் வெளியிடப் போகும் மற்ற ஊரவர்களுக்கு, நாங்கள் பட்டதில் இருந்து சில விடயம்:

1. மூலக் கொப்பியையும் மாற்றாத பைலையும் தனியே வையுங்கள். திருத்தம் எல்லாம் பிரதியில்.

2. ஒவ்வொரு திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எண்ணுங்கள். எண்ணிக்கை மாறினால் அங்கேயே நில்லுங்கள்.

3. எல்லாவற்றையும் ஒரே தரத்தில் மாற்றும் கட்டளையைப் பெயர்கள் உள்ள இடத்தில் பாவிக்க வேண்டாம். ஒவ்வொன்றாகக் காட்டி, கேட்டு மாற்றும் வழி இருக்கிறது. நேரம் போகும், போகட்டும்.

4. முடிந்தால் யுனிகோட்டிலேயே அடியுங்கள். பாமினியில் உள்ளதை மாற்றினால் மாற்றியதை முழுக்க வாசியுங்கள். குறிப்பாக ஆங்கில முதலெழுத்து, ஹகரம், ஸகரம் வரும் இடங்கள்.

5. எழுத்தை எல்லாம் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுத்தால் எழுத்துருப் பிரச்சினை வராது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த பைலில் பிறகு ஒரு பெயரைத் தேடவும் முடியாது, திருத்தவும் முடியாது. அச்சுக்கு அப்படிக் கொடுத்தாலும் எழுத்தாக உள்ள பைலை வைத்திருங்கள். 2005இல் இருந்து நம் நாட்டுத் தமிழ் நூல்களையும் மலர்களையும் சேகரித்து இணையத்தில் வைக்கும் நூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கவும் அது உதவும்.

6. அச்சகத்தில் ப்ரிஃப்ளைட் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என்னென்ன தானாகத் திருத்தப்பட்டது என்ற அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

7. ஒரு பிரதியை அடித்து, திரையில் அல்ல, தாளில் வாசியுங்கள். ஊரில் மூத்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்குக் கண் தெரிய வேண்டும் என்று அவசியம் இல்லை.

நேற்று இரண்டாவது மாதிரிப் பிரதி வந்தது. முதலில் எங்கே கொண்டுபோனோம் என்று சொல்லத் தேவையில்லை. பேரன் கிணற்றடித் தெருவைத் திறந்து வாசித்தான். பெயரை, பக்கத்தில் பட்டப்பெயரோடு. பெரியம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "பக்கத்து வீட்டையும் வாசி" என்றார். அதற்கு அடுத்ததையும். அந்தத் தெரு முடியும் வரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஓரிடத்தில், "இல்ல, அவங்கட வேலிக்குப் பிறகுதான் இவங்க" என்று நிறுத்தினார். குறித்துக்கொண்டோம். அந்த இடத்தையும் திருத்திவிட்டுத்தான் மிச்சம் அடிப்போம்.

அதனால் இன்னும் ஒரு கிழமை பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியலின் பிரதி ஒன்று பள்ளிவாசல் விறாந்தையில் மேசை மேல் இருக்கிறது. பக்கத்தில் சிவப்புப் பேனை கட்டி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வருகிறவர்கள் ஒரு தரம் பாருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், பக்கத்தைப் போட்டோ எடுத்து டொக்கியூமென்டாக அனுப்புகிறோம். உங்கள் வீட்டுப் பெயரை மட்டும் பார்க்காமல் பக்கத்து வீட்டுப் பெயரையும் பாருங்கள். அந்த வீட்டில் பார்க்க ஆள் இல்லாமல் இருக்கலாம்.

நடந்த பிழைக்கு அந்த ஏழு குடும்பத்தாரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இங்கேயும் கேட்கிறோம். எங்கள் மூவருக்காகவும், கொப்பி எழுதிய பெரியவருக்காகவும், அந்த அச்சகத் தம்பியின் வீட்டாருக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.